டார்பி நகரத்து மாதிரித் தட்டு



மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "லண்டன் பாலம் பார்த்தீங்களா டீச்சர், அரண்மனை பார்த்தீங்களா டீச்சர்" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். எல்லாம் பார்த்தேன். ஆனால் ஊருக்கு வந்த பிறகும் என் கண்ணிலேயே நிற்பது ஒரு சாப்பாட்டுத் தட்டு. டார்பி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பீங்கான் தட்டு. அதில் ரோஜாப் பூக்கள். வயது இருநூறுக்கு மேல்.

மகளும் மருமகனும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். "என்னம்மா, நம்ம வீட்டுலயும்தான் பூப்போட்ட தட்டு இருக்கு" என்று மகள் திரும்பி வந்து கேட்டாள். அவளுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என் பாடம் மணி அடித்தும் முடியாது என்று உங்களுக்குத் தெரியுமே! பொறுமையாகப் படியுங்கள். இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பீங்கான் கதை.

மண்பாண்டம் எல்லா நாட்டிலும் உண்டு. பீங்கான் வேறு. நல்ல பீங்கான் தட்டை விளக்குக்கு நேரே பிடித்து, பின்னால் விரலை வைத்தால் விரலின் நிழல் முன்பக்கம் தெரியும். அவ்வளவு மெல்லியது, அவ்வளவு வெண்மை. இதைச் செய்யும் முறை சீனர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தெரியும். ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலாக வாங்கினார்களே தவிர, செய்யத் தெரியாது. ஜெர்மனியின் சாக்சனி நாட்டு மன்னர் ரசவாதி ஒருவரைக் காவலில் வைத்தே ஆராய்ச்சி செய்ய வைத்தார். போட்கர் என்பது அவர் பெயர். தங்கம் செய்வேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர். தங்கம் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710இல் மைசென் என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கியது.

இங்கிலாந்தில் அப்படிப் பணம் கொடுக்க அரசர் முன்வரவில்லை. வியாபாரிகளும் மருத்துவர்களும் பொற்கொல்லர்களும் சேர்ந்து தாங்களாகவே முயன்றார்கள். 1740களில் லண்டனுக்குப் பக்கத்தில் செல்சி, போ ஆகிய இடங்களிலும், 1751இல் வூஸ்டரிலும் தொழிற்சாலைகள் வந்தன. டார்பியிலும் அதே காலத்தில் வந்தது. சீனர்களின் கலவை தெரியாததால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கலந்து பார்த்தார்கள். கண்ணாடித் தூளைக் கலந்தவர்கள் உண்டு. மாக்கல் கலந்தவர்கள் உண்டு. போ தொழிற்சாலையில் மாட்டெலும்பைச் சுட்டு அரைத்த சாம்பலைக் கலந்தார்கள். அந்த வழியைத்தான் ஸ்போட் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செம்மைப்படுத்தினார்கள். பாதி எலும்புச் சாம்பல், மீதி வெள்ளைக் களிமண்ணும் ஒருவகைக் கல்லும். இன்றைக்கும் கடையில் 'போன் சைனா' என்று விற்பது அதுதான். (சைவ உறவினர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். வரலாற்றை உள்ளபடி சொல்ல வேண்டியது என் கடமை!)

சரி, ஏன் பூ?

ஒரு காரணம் வேடிக்கையானது. சூளையிலிருந்து வரும் தட்டில் சில சமயம் ஒரு கரும்புள்ளி, ஒரு சிறு குழி இருக்கும். தூக்கிப் போட மனம் வருமா? அந்த இடத்தில் ஒரு இலையையோ, சிறு பூவையோ, பூச்சியையோ வரைந்துவிடுவார்கள். பழைய தட்டுகளில் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தால், அதன் கீழே ஒரு குறை ஒளிந்திருக்கலாம்.

இன்னொரு காரணம் அந்தக் காலத்துத் தாவரவியல் ஆர்வம். கடல் கடந்து புதுப்புதுச் செடிகள் இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தன. செல்சி தொழிற்சாலைக்கு அருகில் மருந்துச் செடித் தோட்டம் ஒன்று இருந்தது. அதற்கு இடம் கொடுத்து உதவியவர் ஹான்ஸ் சுலோன் என்ற மருத்துவர். செல்சியில் 1750களில் பெரிய செடிகளைக் காயும் விதையுமாக வரைந்த தட்டுகளை இன்றும் 'ஹான்ஸ் சுலோன் தட்டு' என்றே சொல்கிறார்கள். பிறகு 1787இல் வில்லியம் கர்ட்டிஸ் என்பவர் தாவரவியல் மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். வண்ணப் படத்தோடு வந்த அந்த இதழைப் பார்த்து டார்பி ஓவியர்கள் தட்டுகளில் செடிகளை வரைந்தார்கள். விருந்தின் முடிவில் பழமும் இனிப்பும் வைக்கும் தட்டுகளில்தான் இந்தப் பூக்கள் அதிகம். பழத்தை எடுத்ததும் அடியில் பூ தெரியும்.

அந்தப் பூவை வரைவது காகிதத்தில் வரைவதைப் போல இல்லை. தட்டை ஒரு முறை சுட்டு, மேல்பூச்சு பூசி இன்னொரு முறை சுட்ட பிறகுதான் ஓவியர் கைக்கு வரும். வண்ணம் என்பது உலோகங்களிலிருந்து எடுத்த பொடி. அதை எண்ணெயில் குழைத்து வரைய வேண்டும். ரோஜாவின் இளஞ்சிவப்பு எதிலிருந்து வருகிறது தெரியுமா? தங்கத்திலிருந்து! தங்கத்தை அமிலத்தில் கரைத்து எடுக்கும் வண்ணம் அது. பூசும்போது ஒரு நிறம், சூளையில் வெந்த பிறகு இன்னொரு நிறம். வெந்த பின் எப்படி வரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வரைய வேண்டும். வரைந்ததை மறுபடி சூளையில் வைப்பார்கள். விளிம்புக்குத் தங்கம் பூசி மறுபடியும் சூளை. கடைசியாக வழவழப்பான கல்லால் தேய்த்துத் தங்கத்தைப் பளபளப்பாக்குவார்கள். இத்தனை சூட்டில் ஏதாவது ஒன்றில் விரிசல் விட்டாலும் அதுவரை செய்த வேலை வீண்.

இப்போது நான் பார்த்த தட்டுக்கு வருகிறேன்.

அதை வரைந்தவர் வில்லியம் பில்லிங்ஸ்லி. 1758இல் டார்பியில் பிறந்தவர். 1774இல் டார்பி பீங்கான் தொழிற்சாலையில் தொழில் பழகச் சேர்ந்தார். அப்போது வயது 16. நம்ம பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. முதலாளி வில்லியம் டியூஸ்பரி. மன்னர் தம் கிரீடத்தைத் தொழிற்சாலை முத்திரையில் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்ததால், 'கிரவுன் டார்பி' என்று அந்தச் சரக்குக்குப் பெயர் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அதுவரை ஓவியர்கள் ரோஜா வரைந்தது எப்படி என்றால், வெளிச்சம் விழும் இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு மற்ற இடத்தில் வண்ணம் தீட்டுவார்கள். பில்லிங்ஸ்லி அதைத் தலைகீழாகச் செய்தார். பூ முழுவதையும் வண்ணத்தால் நிரப்பிவிட்டு, ஈரம் காயும் முன் வெறும் தூரிகையால் வண்ணத்தைத் துடைத்து எடுப்பார். துடைத்த இடத்தில் தட்டின் வெண்மை மெல்லத் தெரியும். இதழ் மடங்கும் இடம், வெயில் படும் இடம் எல்லாம் அப்படி வந்தது. எழுதி முடித்த பலகையில் ஈர விரலால் துடைத்துப் பூ வரைவீர்களே, ஏறக்குறைய அதே வித்தை! அதனால் அவருடைய ரோஜா, தட்டின் மேல் ஒட்டவைத்தது போல இராமல், காற்றில் மலர்ந்தது போல மென்மையாக இருக்கும். 'பில்லிங்ஸ்லி ரோஜா' என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தத் தட்டுகளில் அவர் பெயர் இருக்காது. தொழிற்சாலை முத்திரை இருக்கும். அதன் பக்கத்தில், யார் வேலை என்று கணக்கு வைத்துக்கொள்ள, ஓவியருக்கும் தங்கம் பூசுபவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். பில்லிங்ஸ்லியின் எண் 7. நாற்பது ஆண்டுக்குப் பக்கமாக வருகைப் பதிவேட்டில் உங்களை எண்ணால் கூப்பிட்டவள் நான். எனக்குச் சுருக்கென்றது.

நான் பார்த்த தட்டு விற்பனைக்குச் செய்தது இல்லை. அதை 'பயிற்சிச் சீடர் தட்டு' என்கிறார்கள். புதிதாகத் தொழில் பழக வரும் பையன்கள் பார்த்து வரைவதற்காகப் பில்லிங்ஸ்லி வரைந்து வைத்த மாதிரி. நாலு கோடு நோட்டில் முதல் வரியை ஆசிரியர் எழுதிக் கொடுப்போம், கீழே உள்ள வரிகளைப் பிள்ளைகள் பார்த்து எழுதும். அந்த முதல் வரிதான் இந்தத் தட்டு. நான் ஏன் அங்கேயே நின்றேன் என்று இப்போது புரிகிறதா?

1796இல் அவர் டார்பியை விட்டுப் போனார். அவர் விலகப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், லண்டன் கடையைக் கவனித்துவந்த லைகோ என்பவர் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். பில்லிங்ஸ்லியை எப்படியாவது பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர் போனால் நமக்கு நஷ்டம், அதோடு இந்தப் பூ வேலை தெரியாத மற்றத் தொழிற்சாலைக்காரர்களும் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்பது அதன் சாரம்.

போனவர் ஏன் போனார்? அடுத்தவர் செய்த தட்டில் பூ வரைந்தது போதும், உலகத்திலேயே அழகான பீங்கானைத் தாமே செய்ய வேண்டும் என்ற ஆசை. பக்கத்தில் பிங்க்ஸ்டன் என்ற ஊரில் ஜான் கோக் என்பவரோடு சேர்ந்து தொழிற்சாலை தொடங்கினார். மூன்றே ஆண்டில் பிரிந்தார். பிறகு மான்ஸ்ஃபீல்டு, பிறகு டார்க்சி என்று ஊர் மாறினார். கடன்தான் வளர்ந்தது. 1808இல் வூஸ்டர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தும் கிளம்பி, 1813இல் இரண்டு மகள்களோடும் மருமகன் சாமுவேல் வாக்கரோடும் வேல்ஸ் நாட்டில் நான்ட்காரு என்ற சிற்றூருக்குப் போனார். பக்கத்தில் சரக்கு ஏற்றக் கால்வாய், எரிக்க நிலக்கரி. கையில் 250 பவுண்டு. யங் என்பவர் 600 பவுண்டு போட்டார்.

அங்கே அவர் ஆசைப்பட்ட பீங்கான் கிடைத்தது. பனி போன்ற வெண்மை. விளக்கில் பிடித்தால் ஒளி அப்படியே ஊடுருவும். ஆனால் அந்தக் கலவைக்குச் சூடு கொஞ்சம் கூடினாலும் ஆகாது. சூளைக்குள்ளேயே வளைந்து, உருகி, வெடித்துவிடும். பத்துக்கு ஒன்பது வீண். எந்தத் தொழில் தாங்கும்? அரசாங்கத்திடம் உதவி கேட்டு மனுப் போட்டார்கள். அது கிடைக்கவில்லை. ஆனால் அதை ஒட்டிப் பார்வையிட வந்த ஸ்வான்சீ மட்பாண்டத் தொழிற்சாலை முதலாளி டில்வின், அவர்களைத் தம் ஊருக்கே அழைத்துக்கொண்டார். அங்கே கலவையைக் கொஞ்சம் உறுதியாக்கி, சில ஆண்டுகள் நல்ல சரக்குச் செய்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. மறுபடி நான்ட்காருவுக்கே திரும்பினார்கள்.

1817ஆம் ஆண்டில் அவருடைய இரண்டு மகள்களும் இறந்துபோனார்கள். சாரா, லவினியா. ஒரே ஆண்டுக்குள் இருவரும். அப்பாவோடு ஊர் ஊராக அலைந்த பிள்ளைகள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகள் பக்கத்து அறையில் தூங்குவதை ஒரு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகும் அவர் மூன்று ஆண்டு அங்கே வேலை செய்தார். இன்னொரு வேதனை கேளுங்கள். நான்ட்காரு தட்டுகளில் பெரும்பாலானவை வெள்ளையாகவே லண்டனுக்குப் போயின. அங்கே வியாபாரிகள் வேறு ஓவியர்களை வைத்துப் பூ வரைந்து விற்றார்கள். ரோஜாவுக்குப் பேர் போன மனிதர் தம் வாழ்நாளையே கொடுத்துச் செய்த தட்டில், பூ வரைந்தது பிறர்.

1820இல் கோல்போர்ட் தொழிற்சாலைக்காரர் ஜான் ரோஸிடம் வேலைக்குப் போய்விட்டார். கடன்காரர்களுக்கும் பழைய முதலாளிகளுக்கும் அஞ்சி, பெயரை 'பீலி' என்று மாற்றி வைத்திருந்தார். 1828இல் அந்தப் பெயரிலேயே இறந்து, பக்கத்துக் கிராமத்தில் அடக்கமானார். ஒரு காலத்தில் எண், கடைசியில் பொய்ப் பெயர்.

இன்று நான்ட்காரு தொழிற்சாலை ஓர் அருங்காட்சியகம். பத்தில் ஒன்றாகப் பிழைத்து வந்த தட்டுகளைச் சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் என் மனதில் நிற்பது அந்த விலை இல்லை. டார்பியிலிருந்து அவர் போன பின்பும் மாதிரித் தட்டு அங்கேயே இருந்தது. வண்ணத்தைத் துடைத்துப் பூ வரைவது வேறு தொழிற்சாலைகளுக்கும் பரவியது. லைகோ பயந்தது நடந்துவிட்டது. பில்லிங்ஸ்லி தொடங்கிய தொழில் ஒவ்வொன்றும் மூழ்கியது. கற்றுக்கொடுத்தது மட்டும் மூழ்கவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில்லிங்ஸ்லி போன அதே 1796இல் டார்பிக்கு வந்து சேர்ந்தவர் வில்லியம் பெக். தோட்டக்காரரின் மகன். பத்து வயதிலேயே மட்பாண்டத் தொழிற்சாலையில் வேலைக்குப் போன குழந்தைத் தொழிலாளி. இவர் தட்டு நிறைய ஒரே பூவை, செடியில் இருக்கும் அளவிலேயே வரைவார். தட்டின் பின்னால் பூவின் பெயரையும் எழுதுவார். 1800இல் குவேக்கர் என்ற எளிய நெறிக் கிறித்தவப் பிரிவில் சேர்ந்தார். உருவங்களை வரைவது பாவமோ என்று மனசாட்சி உறுத்தியது. 1801இல் வேலையை விட்டுவிட்டுக் காலுறை பின்னும் தறிக்குப் போனார். பல ஆண்டு வறுமை. 1813இல் திரும்பி வந்து, இன்றும் வியந்து பார்க்கும் பூக்களை வரைந்தார். 1820இல் மறுபடி விட்டுவிட்டார். கண் பார்வையும் குறைந்தது. சின்னக் கடை வைத்துப் பிழைத்து 1851இல் இறந்தார். அத்தனை திறமையான கையை அவரே இரண்டு முறை கட்டிப்போட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பழைய பொருள் சந்தையில் பூத்தட்டு வாங்குவதாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு மூன்று குறிப்பு. ஒன்று, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சீரான புள்ளிகளோ நுண்கோடுகளோ தெரிந்தால் அது அச்சு. தூரிகை இழுத்த தடம், தடித்தும் மெலிந்தும் தெரிந்தால் கையால் வரைந்தது. இரண்டு, ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். கை வேலையில் இரண்டும் துளியாவது மாறும். மூன்று, அடியில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா அந்த ஆண்டு முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டது. முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், போலி முத்திரைகள் நிறைய உண்டு. பக்கத்தில் சிறிய எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அது ஒரு மனிதர்.

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது.

வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். கணக்கில் சுமார். ஆனால் கணக்கு நோட்டின் ஓரம் முழுக்கப் பூ. செம்பருத்தி, அரளி, பூசணிப் பூ. கொடி மேலிருந்து கீழே இறங்கி வந்து, விடை எழுத வேண்டிய இடத்தில் மொட்டாக முடியும். பள்ளி ஆய்வு நெருங்கிய நேரம். எனக்குப் பதற்றம். "கணக்கு நோட்டா இது, கோலப் புத்தகமா?" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி கேட்டு, அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். அவன் அழவில்லை. அதற்குப் பிறகு அவன் நோட்டில் ஒரு பூ கூட இல்லை. நோட்டு சுத்தமாகிவிட்டது என்று அப்போது நான் சந்தோஷப்பட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெக் தம் கையைத் தாமே கட்டினார். இந்தப் பிள்ளையின் கையைக் கட்டியது நான். அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த மொட்டுதான். நானும் மாதிரி எழுதிக் கொடுத்தவள்தானே என்று பெருமையாகத்தான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிடமே கிழித்த காகிதச் சத்தம் காதில் கேட்டது. மகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

அவன் என் நட்பு வட்டத்தில் இல்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே பெயர் போட வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். டீச்சர் பேச வேண்டும் என்றார்கள் என்று அவனிடமும் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பெற்றோர்கள். நோட்டின் ஓரத்தில் பிள்ளை எதையாவது வரைந்திருந்தால், திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். கணக்கை மறுநாள் கூடச் சொல்லிக்கொடுக்கலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள். படித்தவர்கள் ஒரு வரி எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், இப்போது திருத்தும் முறை உங்களுடையது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்